லோயர், ஹயர், லேப்டாப்: ‘தகுதி’ என்னும் சொல்லாடல் குறித்து

எண்பதுகளில் கீழ்பென்னாத்தூரில் ஒரு மாடியறையில் தட்டச்சு பயின்றேன். ‘லோயர் முடிச்சுட்டியாப்பா?’ என்று கேட்காத பெரியவர் ஊரில் இல்லை. நிமிடத்துக்கு 30 சொல் லோயர். 45 சொல் ஹயர். தேர்வு அரசுடையது, சான்றிதழ் அரசுடையது, அச்சான்றிதழைக் கேட்கும் நாற்காலியும் பெரும்பாலும் அரசுடையதே. எல்லோருக்குமா கிடைத்தது? வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவைப் புதுப்பித்துப் புதுப்பித்தே நரைத்தவர்கள் ஏராளம். ஆனாலும் ‘வேலை இல்லே’ என்றுதான் பேசிக்கொண்டோம். ‘உனக்குத் தகுதி இல்லே’ என்று எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. இந்தச் சொல் எப்படி இடம் மாறியது என்பதே என் கேள்வி.

1991க்குப் பிந்தைய பொருளாதாரக் கொள்கை அரசு நாற்காலியைச் சுருக்கியது. தமிழக அரசு 2001இல் புதிய நியமனங்களுக்குத் தடை விதித்தது. 2006இல்தான் அது நீங்கியது. இடையில் 2005இல் நாஸ்காம்-மெக்கின்ஸி அறிக்கை வந்தது: தகவல் தொழில்நுட்ப வேலைகளுக்குப் பொறியியல் பட்டதாரிகளில் 25 சதம் பேரும், பிற பட்டதாரிகளில் 10 முதல் 15 சதம் பேருமே ஏற்றவர்களாம். அளந்தது வேலை தருவோர் தரப்பு. அளக்கப்பட்டது மாணவர். வேலையின் போதாமை மாணவரின் போதாமையாகக் கட்டமைக்கப்பட்டது இங்கேதான். பிறகு 2011 செப்டம்பரில் விலையில்லா லேப்டாப், 2022 மார்ச்சில் ‘நான் முதல்வன்’. இலவசம் என்று லேப்டாப்பைக் கேலி செய்த நடுத்தர வர்க்கத்தோடு எனக்கு உடன்பாடில்லை. பல வீடுகளில் அதுதான் முதல் கம்ப்யூட்டர்.

எதிர்வீட்டுப் பெண் திருவண்ணாமலையில் பி.காம். முடித்தவள். அண்ணன் பள்ளியில் வாங்கிய லேப்டாப் பழுதாகிப் பரண்மேல் கிடக்கிறது. போனில் படம் வெட்டி ஒட்டுவாள், தெருவுக்கே பணம் அனுப்பித் தருவாள். விண்ணப்பம் போடவோ நெட் சென்டரில் காசு கொடுத்து வரிசையில் நிற்கிறாள். நுகர்வோராக அவளுக்கு வாய்த்த திறன் வேறு, சந்தை கேட்பது வேறு. சென்னையில் ஒரு நேர்முகத்துக்குப் போய்வந்து சொன்னாள்: ‘எக்ஸெல் தெரியுமான்னாங்க மாமா. தெரியும்னேன். வி-லுக்கப் போடச் சொன்னாங்க. கை வரலே.’

அலுவலக வேலையும் தொழிற்சாலை வேலைபோலவே துண்டாக்கப்பட்டு மலிவாவதை ஹாரி பிரேவர்மன் 1974இலேயே எழுதிவிட்டார். இவள் வி-லுக்கப் பழகி முடிப்பதற்குள் அந்தச் சூத்திரத்தை இயந்திரமே எழுதத் தொடங்கிவிட்டது. பிறகு மறுபடி ‘தகுதி இல்லை’.

இப்போது மாலையில் தட்டச்சு வகுப்புக்குப் போகிறாள். குரூப் 4 தட்டச்சர் பணிக்குத் தட்டச்சோடு ‘ஆபீஸ் ஆட்டோமேஷன்’ சான்றிதழும் வேண்டும். இந்தக் காலத்தில் டைப்பிங்கா என்று கேட்டேன்.

‘அதுக்காவது எத்தன போஸ்ட்டுன்னு போடறாங்களே மாமா.’