பகைவருக்கும் அதே பட்டம்

கி.மு. 722 வாக்கில் வட இஸ்ரவேலின் தலைநகரான சமாரியாவை வீழ்த்திய அசீரியர், அங்கிருந்த மக்களை வேரோடு பெயர்த்துத் தொலைதேசங்களில் குடியேற்றினார்கள். 701-இல் யூதாவின் 46 அரணுள்ள நகரங்களைப் பிடித்ததாக அசீரிய அரசன் சனகெரிப் தன் களிமண் சாசனத்தில் பெருமை பேசுகிறான். லாகீஸ் நகரம் விழுந்ததை நினிவே அரண்மனைச் சுவரிலேயே செதுக்கவைத்தான். கழுவில் ஏற்றப்பட்டவர்களையும், மாட்டுவண்டிகளோடு நாடுகடத்தப்படும் குடும்பங்களையும் காட்டும் அந்தச் சிற்பங்களை லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். எகிப்தோ இஸ்ரவேலரின் நினைவில் அடிமைத்தனத்தின் வீடு. இந்த இருவரையும்தான் ஏசாயா நூலின் 19-ஆம் அதிகாரம் கடவுளின் குடும்பத்துக்குள் அழைத்துவருகிறது. எகிப்துக்கும் அசீரியாவுக்கும் இடையே பெருவழி திறக்கும், இரு நாட்டாரும் சேர்ந்து தொழுவார்கள், இஸ்ரவேல் மூன்றாவதாக நிற்கும் என்கிறது. கடவுளின் மக்கள் என்று எகிப்து அழைக்கப்படுகிறது. கடவுளின் கைவேலை என்று அசீரியா. இரண்டும் இஸ்ரவேல் தனக்கென்று வைத்திருந்த பட்டங்கள். எபிரேயத் தீர்க்கதரிசனத்தில் இதைவிடத் துணிவான இடம் எனக்குத் தெரியவில்லை.

தோற்றவர்கள் ஒருநாள் வென்றவர்களைப் பணியவைக்கக் காணும் கனவுதானே இது என்று கேட்கலாம். அந்தக் கனவும் ஏசாயாவில் உண்டு. 60-ஆம் அதிகாரத்தில் அந்நிய அரசர்கள் எருசலேமுக்கு ஊழியம் செய்ய வருகிறார்கள். 19-ஆம் அதிகாரமும் எகிப்தின் மீதான தண்டனையோடுதான் தொடங்குகிறது. ஆனால் பலிபீடம் எகிப்தின் நடுவிலேயே எழுகிறது. ஒடுக்கப்பட்ட எகிப்தியர் கூக்குரலிடுகிறார்கள், கடவுள் அவர்களுக்கு ஒரு மீட்பரை அனுப்புகிறார். பார்வோனிடம் சிக்கிய இஸ்ரவேலுக்கு நடந்த அதே விடுதலைக் கதை, பார்வோனின் நாட்டுக்கே கிடைக்கிறது! அடிமையாக்கும் கனவு இப்படிப் பேசாது. இந்தப் பகுதி மிகவும் பிற்காலத்தது, அசீரியா அழிந்தபின் எழுதப்பட்டது என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். அப்படியே இருக்கட்டும். கி.மு. 612-இல் நினிவே விழுந்த பிறகும் அந்தப் பெயரின் கசப்பு போய்விடவில்லை; அந்தப் பெயரையே எடுத்து ஆசீர்வதித்ததில்தான் இதன் கனம் இருக்கிறது. அது எவ்வளவு கனத்தது என்பதற்குப் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பே சாட்சி: எகிப்திலும் அசீரியாவிலும் வாழும் கடவுளின் மக்களுக்கே ஆசி என்று அது வரியைச் சுருக்கிவிட்டது. எபிரேய மூலத்தில் அந்தத் தடுப்பு இல்லை.

ஒரே குரல் மட்டும் ஒலித்ததாகச் சொன்னால் பொய்யாகும். நினிவேயின் வீழ்ச்சியைத் தீர்க்கதரிசி நாகூம் கொண்டாடுகிறார்; யோனாவின் நூலோ அதே நகரத்தின்மேல் கடவுள் இரங்குவதாகச் சொல்கிறது. யூத மரபு இரண்டில் எதையும் விலக்காமல், பன்னிரு தீர்க்கதரிசிகளின் ஒரே தொகுப்பில் சேர்த்து வைத்திருக்கிறது.