எச்.எம். என்றொரு மனிதர்

ஹென்றி மொலைசன். இந்தப் பெயர் 2008 டிசம்பரில் அவர் இறந்த பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. அதுவரை மருத்துவ நூல்களில் அவர் வெறும் 'எச்.எம்.'!

சிறு வயதிலிருந்தே வலிப்பு நோய். மருந்துகள் கைகொடுக்கவில்லை. 1953-ல், அவருக்கு 27 வயதானபோது, அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் வில்லியம் ஸ்கோவில் என்ற மருத்துவர் அவருடைய மூளையின் இரு பக்கமும் ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதியை வெட்டி எடுத்தார். அது எதற்காக இருக்கிறது என்று அன்று யாருக்கும் சரியாகத் தெரியாது. துணிச்சல் என்பதா, அலட்சியம் என்பதா, நீங்களே சொல்லுங்கள்.

வலிப்பு குறைந்தது. ஆனால் புதிதாக நடந்த எதுவும் மனதில் தங்கவில்லை. பல ஆண்டுகள் அவரை ஆராய்ந்த பிரெண்டா மில்னரே ஒவ்வொரு முறையும் தன்னை அறிமுகம் செய்துகொள்ள வேண்டியிருந்தது!

கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திரம் வரையச் சொன்னார் மில்னர். நாளுக்கு நாள் ஹென்றியின் கை தேறியது. முன்பு வரைந்த ஞாபகம் மட்டும் துளியும் இல்லை. கைப்பழக்கத்தின் நினைவு மூளையில் வேறு இடத்தில் இருக்கிறது என்பது இப்படித்தான் புரிந்தது.

இரு பக்கமும் வெட்டாதீர்கள் என்று ஸ்கோவிலே பிறகு மற்ற மருத்துவர்களை எச்சரித்தார். ஹென்றிக்குத்தான் அது உதவவில்லை.

2009-ல் சான் டியாகோவில் அவருடைய மூளையை 2401 மெல்லிய சீவல்களாக்கிப் படமெடுத்தார்கள்.