மெதுநகர் கடலோர நிலச்சரிவும் செயற்கைக்கோள் ரேடார் பதிவும்: மட் கிரீக் நிகழ்வை முன்வைத்து

முன்னுரை

நிலச்சரிவு என்றவுடன் நொடிப்பொழுதில் நிகழும் பேரழிவே நினைவுக்கு வருகிறது. ஆயின், முற்றிலும் சரிந்து விழாமல் பல்லாண்டுகள் மெல்ல நகரும் சரிவுகளும் உள்ளன. அவற்றுள் ஒன்று பேரழிவாக மாறிய வரலாற்றை ரேடார் பதிவுகள் எவ்வாறு வெளிக்கொணர்ந்தன என்பதைக் கலிபோர்னியாவின் பிக் சர் கடற்கரையிலுள்ள மட் கிரீக் சரிவின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

அளவீட்டு முறை

ஓரிடத்தை இரு வேறு நாள்களில் ரேடாரால் பதிவுசெய்து, மீண்டுவரும் அலைகளின் கட்ட வேறுபாட்டைக் கணக்கிட்டால், இடைப்பட்ட காலத்தில் நிலம் நகர்ந்த தொலைவை அறியலாம். 1991இல் ஏவப்பட்ட ஐரோப்பிய ஈஆர்எஸ்-1 செயற்கைக்கோளின் தரவுகளைக் கொண்டு, பிரான்சின் ஆல்ப்ஸ் மலைச்சரிவொன்று 1990களிலேயே இம்முறையில் அளக்கப்பட்டது. 2014இல் ஏவப்பட்ட சென்டினல்-1 பன்னிரண்டு நாள்களுக்கு ஒருமுறை அதே பாதைக்குத் திரும்பியமையால் தொடர்ச்சியான பதிவு கிட்டியது. அதன் அலைநீளம் ஏறத்தாழ 5.5 செ.மீ. ஆதலின் சென்டிமீட்டர் அளவிலான நகர்வும் புலப்படும்.

மட் கிரீக் சரிவு

2017 மே 20 அன்று மட் கிரீக் மலைச்சரிவு கடலை நோக்கிச் சரிந்து, 1937இல் திறக்கப்பட்ட கடலோர நெடுஞ்சாலையின் ஏறத்தாழ 400 மீட்டர் நீளத்தைப் புதைத்தது. சாலை 2018 ஜூலையில்தான் மீண்டும் திறக்கப்பட்டது.

அலெக்சாண்டர் ஹேன்ட்வெர்கர் குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வு, விமான ரேடார் பதிவுகளையும் சென்டினல்-1 பதிவுகளையும் இணைத்து நோக்கியது. அச்சரிவு குறைந்தது எட்டு ஆண்டுகளாக நகர்ந்துவந்தமை அதனால் தெரியவந்தது. மழைக்காலத்தில் விரைவதும் வறண்ட காலத்தில் தளர்வதும் அதன் இயல்பாக இருந்தன. நெடிய வறட்சியை அடுத்துப் பெய்த பெருமழை மண்ணிடை நீரழுத்தத்தை உயர்த்தி, உராய்வுத் தடையைக் குறைத்து, அவ்வியல்பைக் குலைத்தது என அவ்வாய்வு விளக்கியது.

எச்சரிக்கையும் எல்லையும்

இவ்விளக்கம் சரிவுக்குப் பின்னரே கிடைத்தது என்பது கருதத்தக்கது. சரிவுக்குச் சில நாள்கள் முன்னரே சாலைப் பணியாளர்கள் அங்கிருந்து விலக்கப்பட்டிருந்தனர். நிலம் மேன்மேலும் நிலைகுலைவதைக் களத்திலிருந்தோர் உணர்ந்தமையே அதற்குக் காரணம். மேலும், பருவந்தோறும் விரைந்து தளரும் சரிவுகள் பலவும் இடிந்து விழுவதில்லை. எனவே, நகர்வு உண்டு என்பதைக் கொண்டு மட்டும் அழிவின் நாளைக் கணித்தல் இயலாது.

முடிவுரை

ரேடார் பதிவின் பயன், ஒரு சரிவின் வழக்கமான நடையை ஆண்டுக்கணக்கில் வரையறுத்துத் தருவதாகும். வழக்கம் இன்னதெனத் தெரிந்தாலன்றி அதனின்று பிறழ்வதை இனங்காண இயலாது. ஆகவே, விண்பதிவு களக் கண்காணிப்புக்கு மாற்றாகாது; எந்தச் சரிவைக் களத்தில் உற்றுநோக்க வேண்டும் என்பதை அது சுட்டிக்காட்டும்.