மண்ணில் கசியும் ஆவி

வன்னியில் இரு தரப்பும் விதைத்த மிதிவெடிகளுள் புலிகளின் ‘ஜொனி’யும் ஒன்று. மரப்பெட்டிக்குள் வெடிமருந்து, உலோகமோ சொற்பம். உலோகமறியும் கருவி அதைத் தவறவிடக்கூடும். சிதறிக்கிடக்கும் சன்னத் துண்டுகளுக்கோ ஓயாமல் ஒலிக்கும். 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்தபின், கிளிநொச்சி மாவட்டத்து முகமாலையில் பெண்கள் மண்டியிட்டு வாரியால் மண்ணைச் சிறிது சிறிதாகக் கிளறியது இதனாற்றான்.

ஆயினும் வெடிமருந்து தன்னை முற்றாக மறைத்துக்கொள்வதில்லை. ரி.என்.ரி.யோடு கலந்துள்ள டி.என்.ரி. என்னும் இரசாயனம் ஆவியாகக் கசிந்து மேல்மண்ணில் தங்கிவிடும். யெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தின் சிம்ஷோன் பெல்கின் குழுவினர், அதை உணர்ந்தால் ஒளிரும்படி மரபணு மாற்றிய பக்டீரியாவைச் சிறு மணிகளில் அடைத்துப் பரிசோதனை நிலத்தில் இட்டனர். புதைவெடி இருந்த இடங்களைத் தூரத்திலிருந்தே லேசர் காட்டிக்கொடுத்தது. முடிவுகள் 2017ல் வெளியாகின. அவ்வாண்டு டிசம்பரில் இலங்கை ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்தது. முகமாலையிலோ வேலை வாரியோடுதான் தொடர்ந்தது.