திசை ஆன்டெனா

திசை ஆன்டெனா என்பது வானொலி அலைகளை எல்லாப் பக்கமும் சிதறவிடாமல் ஒரு திசையில் குவித்து அனுப்பும் கருவி. அந்தத் திசையிலிருந்து வருவதையும் அதே கூர்மையோடு வாங்கும். இது புதிதாக ஆற்றல் எதையும் உண்டாக்குவதில்லை. மற்றத் திசைகளுக்குப் போயிருக்க வேண்டியதைத் திரட்டி ஒரே பக்கம் தருகிறது. 24 டெசிபெல் பெருக்கம் என்றால், எல்லாப் பக்கமும் சமமாக வீசும் ஆன்டெனாவைவிட அந்தத் திசையில் சுமார் 250 மடங்கு ஆற்றல்.

தமிழ்நாட்டு வீடுகள் நன்கறிந்த வகை யாகி. 1926இல் ஜப்பானில் ஷிண்டாரோ உடாவும் ஹிதெட்சுகு யாகியும் வெளியிட்ட வடிவம் இது. மொட்டைமாடியில் மீன்முள் போல நின்ற டிவி ஆன்டெனாதான். காற்றில் சற்றே திரும்பினாலும் படத்தில் புள்ளி விழும். ஒருவர் மாடியில் குழாயைத் திருப்ப, கீழிருந்து இன்னொருவர் "தெரியுது, அப்படியே விடு" என்பார். தென் கடலோரத்தில் அதை இலங்கைப் பக்கம் திருப்பி அந்நாட்டுத் தொலைக்காட்சியான ரூபவாஹினியைப் பார்த்தார்கள்.

திசை ஆன்டெனாவின் முழுப் பயனைக் காட்டியது தேனி. 2000களின் நடுவில் அரவிந்த் கண் மருத்துவமனையும் பெர்க்லி கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சாதாரண வைஃபை ரேடியோக்களில் திசை ஆன்டெனாக்களைப் பொருத்தி, சுற்றுவட்டாரக் கண் மையங்களைத் தேனி மருத்துவமனையோடு இணைத்தார்கள். சிற்றூரில் அமர்ந்திருக்கும் நோயாளியைத் தேனி மருத்துவர் வீடியோவில் பார்த்துப் பேசினார். ஆண்டிபட்டி இணைப்பின் நீளம் 15 கி.மீ. இவ்வளவு தூரத்துக்கு, வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸில், இரு முனைகளும் நேருக்கு நேர் தெரிந்தால் மட்டும் போதாது. நடுவழியில் பார்வைக்கோட்டைச் சுற்றி 20 மீட்டருக்கு மேல் ஆரமுள்ள வெளியில் பெரும்பகுதி மரம், கட்டடம் இன்றி இருக்க வேண்டும். கோபுரங்கள் 24 முதல் 42 மீட்டர் வரை உயர்ந்தது அதனால்தான். ஓரிடத்தில் ஜவுளி ஆலை வளாகத்துப் புகைபோக்கியே கோபுரமானது!

எவ்வளவு குவித்தாலும் பக்கங்களில் கொஞ்சம் கசியும். ஒரே கோபுரத்தில் ஓர் ஆன்டெனா அனுப்பும்போது பக்கத்து ஆன்டெனா கேட்க முயன்றால், கசிவு அதன் காதை அடைத்துவிடும். எனவே அனைத்தும் ஒன்றாக அனுப்பி, ஒன்றாகக் கேட்கும்படி நேரம் பகிரும் முறையை பெர்க்லி குழு அமைத்து 2007இல் வெளியிட்டது. அலைகளைவிடப் பெரும் தொல்லை தந்தது மின்சாரம்: மின்னழுத்த ஏற்ற இறக்கத்தில் அடாப்டர்களும் ரேடியோ போர்டுகளும் எரிந்துபோயின.