எம்.ஜி.ஆர்: நாவலப்பிட்டியில் பிறந்த நாயகன்

மருதூர் கோபாலமேனன் இராமச்சந்திரன் (17 ஜனவரி 1917 – 24 டிசம்பர் 1987), தமிழ்த் திரைப்பட நாயகர், தமிழ்நாட்டின் முதலமைச்சர். பிறந்த இடம் இலங்கை மலையகத்தின் வாசலான நாவலப்பிட்டி. அவர் வாழ்க்கையை எழுதும் நூல்கள் இந்தப் பிறப்பை ஒரே வரியில் தாண்டிப் போய்விடும். அட்டன், நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களிலோ அவரைப் பற்றிய பேச்சு தொடங்குவதே அந்த வரியில்தான்.

நாவலப்பிட்டி மகாவலிக் கரையில் இருக்கும் ரயில் ஊர். 1874-ல் அங்கே வந்து சேர்ந்த தண்டவாளம் அட்டனைத் தொட 1884 ஆயிற்று. அவ்வளவு கடுமையான ஏற்றம். மலையில் பறித்த கொழுந்து தேயிலையாகி இந்த வழியாகத்தான் கொழும்புத் துறைமுகத்துக்கு இறங்கியது. எம்.ஜி.ஆரின் தந்தை கோபாலமேனன், தாய் சத்தியபாமா. பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த மலையாளக் குடும்பம். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வளர்ந்த பிள்ளையாக அவரைச் சொல்வது சரியாகாது. ஆனால் கடல் தாண்டி வந்து, சேர்த்தது ஏதுமின்றித் திரும்பிய குடும்பத்தின் கதை தோட்டத்து மக்களுக்கு அந்நியமானதல்ல. தந்தை இறந்தபோது சிறுவனுக்கு இரண்டரை வயது. தாய் பிள்ளைகளோடு இந்தியா திரும்பினார். கும்பகோணத்தில் வறுமை. பள்ளிப் படிப்பு நின்றது. அண்ணன் சக்கரபாணியும் அவரும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார்கள். சாப்பாடு கிடைக்கும் என்பது அதற்கு முக்கியக் காரணம்.

முதல் படம் ‘சதி லீலாவதி’ (1936). எஸ்.எஸ்.வாசனின் நாவலை அமெரிக்கரான எல்லிஸ் ஆர்.டங்கன் படமாக்கினார். படத்தின் நாயகர் எம்.கே.ராதா, எம்.ஜி.ஆருக்குக் கிடைத்தது ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் வேடம். கதையைக் கவனிக்க வேண்டும். குடிபோதையில் நண்பனைக் கொன்றுவிட்டதாக நம்பும் நாயகன் இலங்கைக்கு ஓடிவந்து, தேயிலைத் தோட்டத்தில் கூலியாக வேலை செய்கிறான். தமிழ்த் திரை மலையகத் தொழிலாளியின் பக்கம் திரும்பிய ஆரம்ப காலப் படங்களில் இது முக்கியமானது. மலைக்குக் கீழே பிறந்து, குழந்தையிலேயே அந்த மண்ணைவிட்டுப் போனவர், திரையில் முதலில் முகம் காட்டியது அதே மலையின் கதையில். அவர் வாழ்க்கையில் பல தற்செயல்கள் உண்டு. என் மனம் போய் நிற்பது இதில்தான்.

நாயக வேடத்துக்கு அவர் 11 ஆண்டு காத்திருந்தார். ‘ராஜகுமாரி’ (1947) அதைக் கொடுத்தது. ‘மந்திரிகுமாரி’, ‘மர்மயோகி’, ‘மலைக்கள்ளன்’ என்று வரிசையாக ஏறி, சொந்தப் பணத்தைப் போட்டுத் தானே இயக்கிய ‘நாடோடி மன்னன்’ (1958) படத்தில் உச்சம் தொட்டார். ‘ரிக்‌ஷாக்காரன்’ (1971) தேசிய விருது பெற்றுத் தந்தது. கடைசிப் படம் 1978-ல் வந்தது.

சொந்த வாழ்க்கையில் சாவு பலமுறை குறுக்கிட்டது. முதல் மனைவி இளவயதிலேயே இறந்தார். 1942-ல் மணந்த சதானந்தவதி நெடுநாள் நோயில் கிடந்து 1962-ல் காலமானார். ‘மோகினி’, ‘மருதநாட்டு இளவரசி’ படங்களில் உடன் நடித்த வி.என்.ஜானகி மூன்றாவது மனைவி. பிள்ளைகள் இல்லை. 12 ஜனவரி 1967 அன்று நடிகர் எம்.ஆர்.ராதா சுட்டதில் குண்டு கழுத்தில் பாய்ந்தது. உயிர் தப்பினார், குரல் பழையபடி திரும்பவில்லை. அதன்பிறகு வந்த படங்களில் சொற்கள் குழறி வரும். அதற்காக அவரை யாரும் கைவிடவில்லை என்பது ரசிகர்களோடு அவருக்கிருந்த பிணைப்பின் ஆழத்தைக் காட்டும்.

மலையகத்தில் அந்தப் பிணைப்புக்குக் கூடுதல் காரணம் உண்டு. 1948 குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 30 அக்டோபர் 1964 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை தரவும் முடிவுசெய்தது. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அந்த ஆண்டுத் தீபாவளிக்குத் தமிழ்நாட்டில் வெளியானது எம்.ஜி.ஆரின் ‘படகோட்டி’. அடுத்த ஆண்டு நடிகை சரோஜாதேவியுடன் அவர் இலங்கைக்கு வந்தார். துரைக்கும் கங்காணிக்கும் முன்னால் கைகட்டி நின்ற மக்கள், கூலிக்காரனாக, மீனவனாக, விவசாயியாக வந்து கடைசியில் தலைநிமிரும் ஒருவரைத் திரையில் பார்த்தார்கள். அதைப் பொழுதுபோக்கு என்று மட்டும் எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை.

1972-ல் அண்ணா திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கிய அவர், 1977 ஜூனில் முதலமைச்சரானார். தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்கு ஓடிய கப்பல் 1984-ல் போரால் நின்றுபோனது. அதுவரை அதில் வந்து இறங்கிய மலையகக் குடும்பங்களுக்கு, லயத்துச் சுவரில் ஒட்டியிருந்த அதே முகம்தான் அக்கரையில் முதலமைச்சர். நீலகிரியில் தாயகம் திரும்பியோருக்காகத் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்களில் அவர்களில் பலர் மறுபடியும் கூடையைத்தான் தூக்கினார்கள்.

சின்னத்திரைத் தொடர் எதிலும் அவர் நடித்ததில்லை. என்றாலும் சின்னத்திரை அவருக்கு இரண்டாவது வாழ்வு கொடுத்தது. 1984 அக்டோபரில் நோயில் விழுந்து நியூயார்க்கின் புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தபோது, அவர் உயிரோடிருப்பதைக் காட்டும் வீடியோவைத் தமிழ்நாட்டு ஊர்களில் போட்டுக்காட்டியே கட்சி வாக்குக் கேட்டது. தன் தொகுதியான ஆண்டிப்பட்டிக்கு வராமலேயே அவர் வென்றார்.

இலங்கையில் ரூபவாகினி தொலைக்காட்சி 15 பிப்ரவரி 1982 அன்று தொடங்கியது. அதன் ஒளிபரப்புக் கோபுரம் நுவரெலியாவுக்கு மேலே பீதுருதாலகால மலையுச்சியில் நிற்கிறது. அடிவாரத்து லயங்களில் பலவற்றுக்கு அப்போது மின்சாரம் கிடையாது. தலைக்கு இவ்வளவு என்று காசு சேர்த்து, டவுனிலிருந்து டீவியையும் வீடியோ டெக்கையும் வாடகைக்கு எடுத்து வருவார்கள். சிறிய டீவி என்றால் சார்ஜ் ஏற்றிய கார் பேட்டரியே போதும். அதைத் தோளில் சுமந்து படிகளில் ஏற்றுவார்கள். வாசலில் சாக்கு விரித்துப் பிள்ளைகள் முன்னால், கம்பளி போர்த்திய பெரியவர்கள் பின்னால். ஒரே இரவில் இரண்டு மூன்று படம். பேட்டரி இறங்க இறங்க, எம்.ஜி.ஆரின் வாள்வீச்சு நாலு ஓரத்திலிருந்தும் சுருங்கி நடுவில் ஒடுங்கும். காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போகவேண்டியவர்கள், அந்தப் படம் முழுதும் கறுக்கும்வரை எழுந்திருக்க மாட்டார்கள்.