கிரேடு 5ம் ஃபாரடேயும் ஆவாரங்குச்சியும்

நண்பர் ஒருத்தர் சொந்தமா கத்தி செய்யறார். பொழுதுபோக்குதான், ஆனா வெறி. போன வாரம் கைலாசபுரம் வந்தவர் ரெண்டு உலோகத் துண்டை மேஜைல வச்சு, "இதுல எது கத்திக்கு ஆகும், சொல்லுங்க சார்"ன்னார். ரெண்டும் டைட்டானியம். ஒண்ணு கிரேடு 2, இன்னொண்ணு கிரேடு 5. பெல் டவுன்ஷிப்காரன்னா எல்லா உலோகமும் தெரியும்னு ஒரு நம்பிக்கை, பாவம் :-)

கிரேடு 2ங்கறது கலப்பில்லாத டைட்டானியம். துரு பிடிக்காது, சுலபமா வளையும், ஆனா கத்திக்கு ரொம்ப மென்மை. கிரேடு 5ல சுமார் 6 சதவீதம் அலுமினியம், 4 சதவீதம் வனேடியம். விமானத்துக்குப் போற சரக்கு. அதே அளவு எஃகோட எடையில கிட்டத்தட்ட அறுபது சதவீதம்தான் இருக்கும். ஆனா ராக்வெல் கடினத்துல சுமார் 36. பீட்டா வகைக் கலவைகளைப் பக்குவமா பதப்படுத்தினா நாற்பதைத் தாண்டும், அவ்வளவுதான். நல்ல கத்தி எஃகு 58, 60னு நிக்கும். அதனால மடக்குக் கத்தியோட பிடிக்கும் பூட்டுக்கும் கிரேடு 5 அருமை. அலகுக்கு? ஒரு வாரம் காய் நறுக்கிட்டு சாணைக்காரரைத் தேடணும். உப்புத் தண்ணியில முங்கறவங்களுக்கும், காந்தத்தால வெடிக்கிற கண்ணிவெடியை எடுக்கறவங்களுக்கும் மட்டும் அது சரி.

இதைச் சொல்லி அனுப்பிட்டு ராத்திரி படுத்தா தூக்கம் வரல. ஏன்னா இந்த அலுமினியம், வனேடியம் ரெண்டுமே நம்ம ஊர்ப் பழைய கத்தி எஃகோட வரலாற்றுலயும் வருது!

1795ல ஜெர்மனியில கிளாப்ரோத் ஒரு புது உலோகத்துக்கு டைட்டானியம்னு பேர் வச்சார். அதே வருஷம் லண்டன் ராயல் சொசைட்டியில ஜார்ஜ் பியர்சன் ஒரு கட்டுரை வெளியிட்டார். பம்பாயிலேர்ந்து வந்த 'ஊட்ஸ்'ங்கற எஃகைப் பத்தி. நம்ம தென்னிந்திய உருக்குதான் அது. லண்டன்ல ஸ்டோடார்ட்னு ஒரு கத்தி வியாபாரி அந்த எஃகை ஓஹோன்னு புகழ்ந்தார். அவரோட சேர்ந்துதான் கொல்லர் மகன் மைக்கேல் ஃபாரடே ஊட்ஸை நகல் எடுக்கக் கிளம்பினார். 1819ல ஃபாரடே சோதிச்சுப் பார்த்து, அதோட சிறப்புக்குக் காரணம் அலுமினியமும் சிலிக்கானும்தான்னு எழுதினார். தப்பு. அப்புறம் பிளாட்டினம், ரோடியம், வெள்ளின்னு ஒவ்வொண்ணா எஃகுல கலந்து பார்த்து 1820லயும் 1822லயும் கட்டுரை போட்டாங்க. அவர் விட்டுட்டுப் போன மாதிரித் துண்டுகள் 79ஐ ஹேட்ஃபீல்டு பின்னாடி ஆராய்ஞ்சு 1931ல புஸ்தகமே போட்டார். பிளாட்டினம் வரைக்கும் போன மனுஷன் ஆவாரங்குச்சிப் பக்கம் வரலையே!

ஆமா, ஆவாரை. பரங்கிப்பேட்டையில இரும்பாலை நடத்தின ஹீத், நம்ம பக்கத்து முறையை 1839ல எழுதி வச்சிருக்கார். சின்னச் சின்ன இரும்புத் துண்டு, கொஞ்சம் ஆவாரங்குச்சி, மேல எருக்கிலை. எல்லாத்தையும் மூசையில வச்சு களிமண்ணால வாயை மூடி உலையில வைக்கணும். குச்சி கரியாகி, கார்பன் இரும்புல ஏறும். ஒன்றிலிருந்து ரெண்டு சதவீதம் வரைக்கும். கொடுமணல் அகழாய்வுலயும், மேல்சிறுவளூர்ல சாரதா ஸ்ரீநிவாசன் கண்டெடுத்த மூசைத் துண்டுகள்லயும் இந்தத் தொழிலோட தடயம் இருக்கு.

வனேடியத்தோட கதை இன்னும் சுவாரஸ்யம். ஊட்ஸ்ல அடிச்ச டமாஸ்கஸ் வாள்ல தண்ணி அலை மாதிரி கோலம் தெரியுமே, அதை மறுபடி கொண்டுவரப் பல வருஷம் உழைச்சவர் ஆல்ஃபிரட் பென்ட்ரே. அமெரிக்காவுல குதிரைக்கு லாடம் அடிச்சவர், சொந்தமா கத்தி செஞ்சவர். அவரும் வெர்ஹோவன்ங்கற பேராசிரியரும் 1998ல சொன்னது: தாதுல தற்செயலா ஒட்டிக்கிட்டு வர்ற துளி வனேடியம் போல சில உலோகங்கள்தான் கார்பைடுகளை வரிசைகட்ட வைக்குது. அந்தத் தாது தீர்ந்ததும் வித்தையும் போயிருக்கலாம்னு அவங்க கருத்து. எனக்கு இது பாதிதான் சரின்னு படுது. சீமை எஃகு கப்பல்ல வந்து இறங்கினது இன்னொரு பாதி.

இதையெல்லாம் மறுநாள் நண்பருக்குப் போன்ல கொட்டினேன். பொறுமையா கேட்டார். "சரி சார், கிரேடு 5 பிடிக்கு. அலகுக்கு ஒரு பழைய லாரி ஸ்பிரிங் பட்டை பார்த்து வச்சிருக்கேன்"ன்னார்.